யாருக்கு என்று கேட்காதீர்கள்

தமிழில் 'தையல்' என்றால் பெண். துணி தைப்பதும் 'தையல்'தான். ஒரே சொல்லுக்குள் இரண்டையும் வைத்துக்கொண்ட மொழி, அந்தச் சொல்லுக்குப் பெரிய மரியாதை எதையும் கொடுத்துவிடவில்லை. பெண் பேச்சைக் கேட்காதே என்று உரைகாரர்கள் நமக்கு விளக்கித் தந்த ஆத்திசூடி அடி, பெண்ணைச் சுட்ட இந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது. 'நூல்' என்ற சொல்லின் கதையும் இப்படித்தான். நன்னூல் பாயிரம், நூல் செய்யும் புலவனைப் பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணோடு ஒப்பிடுகிறது. உவமை முடிந்ததும் புலவன் எழுந்து அவைக்குப் போய்விட்டான். பெண் அங்கேயே நூற்றுக்கொண்டிருந்தாள். புறநானூற்றில் இரவு நேரத்தில் சிறு விளக்கின் ஒளியில் பஞ்சோடு பாடுபடுகிற ஒரு பெண் வருகிறாள். அவள் தனக்கென்று ஒரு முழம் துணி வைத்துக்கொண்டாளா என்று எந்த உரையாசிரியரும் கேட்டு நான் படித்ததில்லை.

நான் கேட்கிறேன். ஒரு பெண் தனக்காக, தன் சந்தோஷத்துக்காக மட்டும் ஊசியைக் கையில் எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எடுத்துப் பாருங்கள். மூன்று கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். 'யாருக்கு?' என்று வீடு கேட்கும். 'எவ்வளவுக்கு?' என்று சந்தை கேட்கும். 'இன்னுமா?' என்று நம் தோழிகளே கேட்பார்கள். கேட்கிற குரல் வேறு வேறாக இருக்கிறதே தவிர, மூன்றும் ஒரே கேள்விதான். பெண்ணின் நேரத்துக்குக் கணக்குக் கேட்கிற கேள்வி.

நான் வேலை பார்ப்பது நீலகிரியில். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே உறைபனிக் காலம். விடிகாலையில் புல்வெளி உப்பைக் கொட்டிவைத்தது போல வெளுத்துக் கிடக்கும். மாலையில் சீக்கிரமே இருட்டி, ஊர் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காக்கள் கம்பளி நூலையும் இரண்டு ஊசிகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்வார்கள். அவர்களிடம்தான் பின்னக் கற்றுக்கொண்டேன். நூல்கண்டு மடியில் உருளும். ஊசிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு வரிசை முடிந்ததும் திருப்பிப் பிடித்து அடுத்த வரிசை. எங்கேயாவது ஒரு கண்ணி விட்டுப்போனால் அதுவரைக்கும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், நூல் வீணாவதில்லை. கவிதை எழுதுகிறவளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் திபெத்தியர் கடைகளில் நல்ல ஸ்வெட்டர் கிடைக்கிறது. நூலின் விலையோடு என் மாலைப் பொழுதுகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கடை ஸ்வெட்டர்தான் மலிவு. ஆக, நான் பின்னுவதற்குத் தேவை என்ற ஒரு காரணமே இல்லை. அந்தக் காரணமின்மைக்காகத்தான் இங்கே வாதாடுகிறேன். சமவெளியில் குளிர் ஏது என்று யாரும் விலகிக்கொள்ள வேண்டாம். மார்கழி மாதத்தில் குரோஷா ஊசியோடு உட்கார்ந்தாலும், வளையத்தில் துணியை மாட்டிச் சங்கிலித் தையல் போட்டாலும், தையற்கடையில் மிஞ்சிய ஜாக்கெட் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைத்தாலும் அதே கேள்விகள்தான் வரும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். பின்னிக்கொண்டிருக்கிற பெண்ணைப் பார்க்கிற எவரும் 'என்ன பின்னுகிறீர்கள்?' என்று கேட்பதில்லை. 'யாருக்கு?' என்றுதான் கேட்கிறார்கள். கணவருக்கு, மகனுக்கு, பிறக்கப்போகும் பேரனுக்கு என்றால் முகம் மலர்கிறது. தாய்மை, பொறுமை, குடும்பப் பாங்கு என்று பாராட்டுப் பத்திரம் கிடைக்கிறது. எனக்குத்தான் என்று சொல்லிப் பாருங்கள், ஒரு சின்ன மௌனம் விழும். சும்மாதான், முடிப்பேனா என்றுகூடத் தெரியாது என்று சொன்னால் அந்த மௌனம் நீளும். எத்தனையோ பெண்கள் இதற்குப் பயந்து பொய் சொல்கிறார்கள். தன் ஆசைக்குப் பின்னுகிற சால்வைக்கு ஒரு நாத்தனாரையோ ஓர் அத்தையையோ பெறுநராக்குகிறார்கள். தன் இன்பத்துக்கு இன்னொருவர் பெயரில் ரசீது போடுகிற பழக்கம் நமக்கு மிகச் சிறிய வயதிலேயே வந்துவிடுகிறது.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் நினைவுக்கு வருகிறது. மூன்று மணி நேரம் ஓடிய கூட்டம். ஆண் ஆசிரியர்கள் இருவர் மேசைக்குக் கீழே செல்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும். நான் பேச்சைக் கவனித்துக்கொண்டே, தேவையான இடத்தில் பதிலும் சொல்லிக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தேன். கூட்டம் முடிந்ததும் எனக்கு மட்டும் அறிவுரை வந்தது: "மேடம், வீட்டு வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளலாமே." ஆணின் பொழுதுபோக்கு பொழுதுபோக்காகவே கடந்துபோகிறது. பெண்ணின் பொழுதுபோக்கு அவள் கைக்கு வந்த உடனே வீட்டு வேலையாகிவிடுகிறது.

இந்தியாவில் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புகளைப் பாருங்கள். 2019இல், வீட்டாருக்காகச் செய்யும் கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். அத்தகைய வேலையில் ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். அப்படி ஈடுபட்டதாகச் சொன்ன ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். 2024இல் பெண்ணின் கணக்கு 289 நிமிடமாகக் குறைந்தது. மகிழ்ச்சி அடைவதற்குள் அடுத்த எண்ணைப் படியுங்கள்: ஆணின் கணக்கு 88 நிமிடமாகக் குறைந்திருந்தது. நமக்குப் பத்து நிமிடம் மிச்சமானபோது அவர்களும் ஒன்பது நிமிடத்தை எடுத்துக்கொண்டார்கள். 'யாருக்கு?' என்ற கேள்வி இந்தக் கணக்கைக் காவல் காக்கிற கேள்வி. ஒரு பெண் இருபது நிமிடத்தை யாருக்கும் இல்லாமல் செலவழித்துவிட்டால், மிச்சமுள்ள நிமிடங்களையும் அவள் கேட்டுவிடக்கூடும் என்ற பயம் அதில் இருக்கிறது.

இரண்டாவது கேள்வி நவீனமானது. உங்கள் முன்னேற்றத்தின் மேல் அக்கறையோடு வரும். 'இவ்வளவு அழகாகச் செய்கிறாயே, விற்கலாமே. ஒன்றுக்கு எவ்வளவு வாங்குவாய்?' இதை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். ஊசி பெண்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, அதைவிடப் பெரியதையும் செய்திருக்கிறது. 1820களில் நாகர்கோவிலில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதில் வந்த காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய அடிமைப் பெண்கள் இருந்தார்கள். கைவிடப்பட்ட பெண்களுக்கும் ஆதரவற்ற விதவைகளுக்கும் நம் மாநில அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. அந்த இயந்திரத்தின் சத்தத்தில் படித்து வந்த மாணவிகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். காஜா எடுத்து, ஃபால்ஸ் அடித்து, புடவைக்குக் குஞ்சம் கட்டி, பனியன் துணியில் பிசிறு வெட்டிக் குடும்பத்தை நிறுத்தியவர்கள் நம் தாய்மார்கள்.

ஆனால் அந்த உழைப்புக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். ஆந்திராவின் நரசாபூரில் உலகச் சந்தைக்காகக் குரோஷா லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தப் பெண்கள் நாள் முழுக்கப் பின்னினார்கள். லேஸ் கடல் கடந்து போனது. வணிகம் செய்த ஆண்களுக்கு லாபம் சேர்ந்தது. பின்னியவர்களோ தொழிலாளிகளாகக் கருதப்படவில்லை. அவர்கள் இல்லத்தரசிகள், அவர்கள் செய்வது ஓய்வு நேர வேலை என்று சொல்லப்பட்டது. ஓய்வு நேர வேலைக்கு எதற்கு நியாயமான கூலி? இன்றைக்கும் நம் ஊரில் பீஸ் கணக்கில் வேலை கொடுக்கிறவர் இதே வசனத்தைத்தான் பேசுகிறார்: "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே அம்மா."

இந்தத் தந்திரத்தை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பெண் உழைக்கும்போது அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்துக் கூலியைக் குறைத்தார்கள். உண்மையிலேயே அவள் ஓய்வாக உட்காரும்போது அது வீண் என்று சொல்லி வேலையாக மாற்றச் சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம் அவளுக்கே. என் மலையிலேயே இது நடக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாகச் செய்யும் பூவேலைக்குக் கோடு வரைந்துகொள்வதில்லை. துணியின் இழைகளை எண்ணியே தைக்கிறார்கள். அது தங்கள் ஆட்கள் போர்த்திக்கொள்ளவும், இறந்தவரைப் போர்த்தி அனுப்பவும் செய்த வேலை. 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இப்போது பர்ஸிலும் செல்பேசி உறையிலும் அது சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பனையாகிறது. விற்கட்டும், நல்ல விலைக்கு விற்கட்டும். தைத்தவளின் கைக்கு அந்த விலை வந்து சேரவும் வேண்டும். ஆனால் பெண் விரல் பட்ட எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டுவதையே அதிகாரமளித்தல் என்று அழைத்தால், அவளுக்கென்று மிஞ்சுவது எது?

மூன்றாவது கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அதைக் கேட்பவர்கள் நம்மவர்கள். 'அடுப்படியை விட்டு வெளியே வரச் சொல்லிப் போராடுகிறோம், நீ இன்னுமா ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறாய்?' இதில் நியாயம் இருக்கிறது. பெண் பிள்ளைக்குக் கணக்குக்குப் பதிலாகக் கைவேலையைக் கொடுத்த பள்ளிக்கூடங்கள் இருந்தன. குனிந்த தலையும் மூடிய வாயும் வேண்டும் என்பதற்காகவே ஊசியைக் கையில் திணித்த வரலாறு உண்டு. ரோசிகா பார்க்கர் 1984இல் எழுதிய 'கலகத் தையல்' என்று பொருள்படும் ஆங்கில நூல், பூத்தையலும் பெண்மை என்ற கற்பிதமும் எப்படிச் சேர்ந்தே வளர்க்கப்பட்டன என்பதை விரிவாகக் காட்டுகிறது. அதே ஊசி எதிர்ப்புக்கும் பயன்பட்டதை அவர் சேர்த்தே சொல்கிறார். 1912இல் லண்டன் ஹாலோவே சிறையில் அடைக்கப்பட்ட வாக்குரிமைப் போராளிகள் கைக்குட்டையில் தங்கள் கையெழுத்துகளைத் தைத்தார்கள். 1973க்குப் பிறகு சிலியில், ராணுவ ஆட்சி காணாமல் ஆக்கியவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் சாக்குத் துணியில் துண்டுத் துணிகளை வைத்துத் தைத்து, நடந்ததைப் படமாக்கி நாட்டுக்கு வெளியே அனுப்பினார்கள்.

இதைச் சொன்னவுடன் தோழிகள் சமாதானமாகிவிடுகிறார்கள். போராட்டத்துக்கு என்றால் சரி. இங்கேதான் நான் முரண்படுகிறேன். குடும்பத்துக்குப் பயன்பட்டால் சரி என்று வீடு சொல்கிறது, காசுக்குப் பயன்பட்டால் சரி என்று சந்தை சொல்கிறது, புரட்சிக்குப் பயன்பட்டால் சரி என்று நாம் சொன்னால் என்ன வேறுபாடு? சிலியின் தாய்மார் அந்தத் துணிகளைச் சந்தோஷத்துக்காகத் தைக்கவில்லை. வேறு வழி இல்லாமல் தைத்தார்கள். அவர்களை வணங்குவோம். அவர்களைக் காட்டி, குளிர்கால மாலையில் ஒருத்தி தன் நீலச் சால்வைக்கு ஒரு மஞ்சள் ஓரம் வைப்பதற்கு அனுமதிச் சீட்டு கேட்க வேண்டாம்.

'மாதச் சம்பளம் வாங்குகிறவள் பேசும் சொகுசு இது' என்று ஒரு குரல் எழும். எழ வேண்டும். அதற்குப் பதிலாக அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊரைச் சொல்கிறேன். ஆறு வளைத்துக்கொண்டு ஓடும், அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள் வாழும் ஊர். பலகை இடுக்கு வழியே குளிர் நுழையும் வீடுகள். அங்கே பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் மாவு மூட்டைத் துணிகளையும் வெட்டி, அடுக்கி, போர்வைகள் தைத்தார்கள். குழந்தைகள் குளிரில் விறைத்துவிடக் கூடாது என்பதே முதல் காரணம். மிசௌரி பெட்வே என்ற பெண் 1942இல், இறந்துபோன தன் கணவனின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் இந்த ஊர்ப் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. நவீன ஓவியத்துக்கு நிகர் என்று விமர்சகர்கள் வியந்தார்கள். 2006இல் தபால்தலைகளாகவும் வந்தன.

கலை என்று உலகம் கொண்டாடியவர்களில் ஒருவர் லொரெட்டா பெட்வே. அவர் தன்னைப் பற்றிச் சொன்னது வேறு. தைப்பது தனக்குப் பிடிக்கவில்லை, தைக்க ஆசையே இருந்ததில்லை, வீட்டுப் பாரம் அத்தனை இருந்தது, குளிருக்குப் போர்த்த வேண்டியிருந்ததால் தைத்தேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார். அருங்காட்சியகச் சுவருக்கு முன்னால் நிற்கிற நம் எல்லோருக்கும் இந்தப் பேச்சு ஓர் அறை. அழகாக இருப்பதாலேயே ஒரு வேலை இன்பமாகிவிடாது. கீழே வைக்க முடியாத ஊசியில் இன்பம் இல்லை.

அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது. அந்த வட்டாரத்துப் பெண்கள் 1966இல் 'விடுதலைப் போர்வைக் கூட்டமைப்பு' என்று பொருள்படும் பெயரில் ஒரு கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து கார்டுராய் துணியில் தலையணை உறைகள் தைக்கும் வேலை வந்தது. ஒரே அளவு, ஒரே மாதிரி, கூலிக்கு வேலை. அந்தக் கூலி அவர்களுக்குத் தேவையாக இருந்தது. வெட்டியது போக மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. அவற்றை வைத்து அவரவர் மனம் போன கோணத்தில், அவரவருக்குத் தோன்றிய நிறத்தில் போர்வைகள் தைத்தார்கள். பகலில் நிறுவனத்தின் அளவுக்கு வெட்டப்பட்ட அதே துணி, வீட்டில் எந்த அளவுக்கும் கட்டுப்படவில்லை. வறுமையில் இருக்கிற பெண்ணுக்கு இன்பம் எதற்கு, முதலில் கூலி கிடைக்கட்டும் என்று சொல்கிறவர்கள் இந்தத் துண்டுத் துணிகளைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண்கள் கூலியும் வாங்கினார்கள், தங்கள் நிறங்களையும் கைவிடவில்லை.

எனவே ஓய்வு சொகுசு என்றால், அந்தச் சொகுசைப் பங்கு போடுங்கள் என்பதே என் பதில். என் வீட்டுக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டத்தில் காலை முழுக்கப் பனியில் நனைந்து கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் விறகும் தண்ணீரும் சுமந்து, எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடும் பெண்ணுக்கு நான் கம்பளி நூல் பரிசளித்து எந்தப் பயனும் இல்லை. அவளுக்கு முதலில் வேண்டியது அந்த மாலை. அது வந்த பிறகு அவள் பின்னலாம், பின்னாமல் சுவரில் சாய்ந்து பாட்டுக் கேட்கலாம், தூங்கலாம். அது அவள் பாடு. பெண்ணியம் அவளுக்கு வாங்கித் தர வேண்டியது அந்த மாலையைத்தான்.

கூலிக்குத் தைக்கும் பெண்ணின் வேலையை ஓய்வு என்று சொல்லாதீர்கள்; அவளுக்குரிய கூலியைக் கொடுங்கள். ஓய்வில் தைக்கும் பெண்ணின் ஓய்வை வேலையாக்காதீர்கள், அவளை விட்டுவிடுங்கள். சுய உதவிக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர்கள், விற்பனைக்கு அல்லாமல் எதையாவது தைக்க அந்தப் பெண்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது கேளுங்கள். வீட்டு ஆண்களே, உங்கள் 88 நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டுங்கள். பாத்திரம் தேய்க்கும்போது ஊசிச் சத்தம் காதில் விழுந்தால் எட்டிப் பார்த்து 'எனக்கா?' என்று கேட்காதீர்கள்.

மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எதையாவது தொடங்கினால் முடித்தே ஆக வேண்டும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாதியில் விட்ட கோலம் வீட்டுக்கு ஆகாது, பாதியில் விட்ட பின்னல் பெண்ணுக்கு அழகில்லை என்பார்கள். விடுங்கள். ஒரு கை மட்டும் பின்னி முடித்த ஸ்வெட்டர் என் அலமாரியில் மூன்று குளிர்காலமாகக் கிடக்கிறது. அந்த நிறம் சலித்துவிட்டது, வேறு நிறத்துக்குப் போய்விட்டேன். அதை முடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தொடங்குவதற்கு ஆசை மட்டும் போதும் என்பதையும், நிறுத்துவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதையும் வேறு எந்த வேலையிலும் நமக்கு அனுமதிக்க மாட்டார்கள். இதிலாவது எடுத்துக்கொள்வோம்.

அடுத்த முறை யாராவது வந்து நின்று 'யாருக்கு?' என்று கேட்டால், நாத்தனார் பெயரைச் சொல்லாதீர்கள். எண்ணிக்கை தவறிவிடும், கொஞ்சம் பேசாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த வரிசையைப் பின்னி முடியுங்கள்.